பத்து வரை எண்ணியவன்

கம்ரோன் கண்மண் தெரியாமல் அடித்துவிட்டான் என்று பயிற்சிக்கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள். அது சுத்தப் பொய். பதினேழு வருஷம், முழங்கையும் முழங்காலும் செல்லுபடியாகும் தாய்லாந்துக் குத்துச்சண்டை ரிங்கில் ஏறி இறங்கியவனுக்குக் கண்மண் தெரியாமல் அடிக்க வராது. முதல் முழங்கை பூன்மியின் இடது புருவத்தில் விழுந்தது. இரண்டாவதும் அதே இடத்தில்தான். சரிந்தவனின் விலாவில் முழங்காலை இறக்கினான். எங்கே அடித்தால் கிழியும், எங்கே அடித்தால் மூச்சு நிற்கும் என்று தெரிந்தே அடித்தான். நான்கு பேர் சேர்ந்து அவனை இழுக்க வேண்டியிருந்தது, அதில் ஒருவனுக்கு மூக்கு உடைந்தது.

எல்லாம் ஒரு ஹாம்ஸ்டருக்காக. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அவன் முகத்துக்கு நேரே சிரிக்க அந்தக் கூடத்தில் ஒருவனுக்கும் துணிச்சல் கிடையாது.

அதன் பெயர் துவா. அவர்கள் ஊர்ப் பேச்சில் கடலை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், எலி போன்ற பழுப்பு உருண்டை. கம்ரோனின் மனைவி அவன் கோபத்துக்குப் பயந்து சாமான்களைக் கட்டிக்கொண்டு போன மாதம் அது வந்தது. அவன் கையைக் கண்டு ஒடுங்காத உயிர் அது ஒன்றுதான். விதை உடைக்கும் சத்தம் கேட்டால் அந்தக் கைக்குள் தானாக ஓடி வந்து ஏறும். அதற்காகவே அவன் உயிரையும் கொடுத்திருப்பான்.

கூடத்தில் கம்ரோன் தங்கியிருந்த அறையில்தான் பூன்மியும் இருந்தான். நான்கு வயது இளையவன், ஐந்து வருஷமாகப் பயிற்சியில் ஜோடி. பாங்காக்கில் சித்திரை வெயில் கொளுத்தும்போது கூடத்தில் ஏசி உள்ள அறை அது ஒன்றுதான். பகலெல்லாம் தூங்கும் துவா இருட்டியதும் சக்கரத்தில் ஏறி ஓட ஆரம்பிக்கும். கடகடவென்று அந்தச் சத்தம் விடிகிற வரைக்கும் ஓயாது. "ஒரு நாள் இல்ல ஒரு நாள் உன் எலி கழுத்தைத் திருகப்போறேன் பாரு அண்ணே," என்று பூன்மி தலையணையால் காதை மூடிக்கொண்டு கத்துவான். நூறு தடவை சொல்லியிருப்பான். நூறு தடவையும் கம்ரோன் சிரித்திருக்கிறான்.

அந்த அடி விழுந்த அன்று மதியம் விதை வாங்கப் போயிருந்தவன் திரும்பி வந்தபோது அறை ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. பூன்மி ஏசியைப் பதினாறில் வைத்துவிட்டுப் போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நேர் கீழே கூண்டு. மரத்தூளில் துவா சுருண்டு கிடந்தது. தொட்டான், சில்லென்றிருந்தது. காலை இழுத்துப் பார்த்தான், விறைத்திருந்தது.

உள்ளங்கையில் வைத்து எண்ணினான். அவனுக்குத் தெரிந்த கணக்கு அதுதான். விழுந்தவன் தலைமாட்டில் நின்று நடுவர் விரலை விரித்து எண்ணுவதைப் போல, வாய்விட்டு, ஒன்று, இரண்டு என்று. பத்து வந்தது. துவா மூச்சு விடவில்லை. பத்துக்கு அப்புறம் ஆட்டம் முடிந்தது. அவன் பார்வை பூன்மியின் கழுத்துக்குப் போனது.

அன்று சாயங்காலம் துவாவைப் பிஸ்கட் டின்னில் வைத்துப் புதைத்தான். ரிங்கில் ஏறும்போதெல்லாம் இடது புஜத்தில் கட்டிக்கொள்ளும் துணியை எடுத்து, துவாவை அதில் சுற்றினான். செத்துப்போன அம்மாவின் கைலியில் கிழித்த துணி அது. அதைக் கட்டிய கையில் ஒரு தடவைகூட எலும்பு முறிய அது விட்டதில்லை என்று நம்பினான். கூடத்தின் பின்னால் வாழை மரத்தடியில் குழி தோண்டி, டின்னை இறக்கி, மண்ணை மிதித்து இறுக்கினான்.

பூன்மியின் புருவத்தில் ஒன்பது தையல். சனிக்கிழமை அவனுக்குப் பெரிய அரங்கத்தில் முதல் சண்டை இருந்தது. எட்டு வருஷம் அதற்காகத்தான் உதை வாங்கினான். அதுவும் போயிற்று.

மறுநாள் காலையில் கம்ரோன் அவன் கட்டிலை உதைத்து எழுப்பினான்.

"எந்திரி. கொன்னவன்தான் புதுசு பொறுக்கித் தரணும். வா."

"நான் கொல்லலேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"கொன்னேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. மன்னிச்சுடறேன். இங்கயே இரு. சொல்லலேன்னா சாயங்காலம் பையைக் கட்டு. நீயா நானான்னு கேட்டா முதலாளி யாரை வச்சுக்குவார்னு உனக்கே தெரியும்."

"புதுசு வேணும்னா பொறுக்கித் தரேன். அதுவும் செத்ததுக்காக. உனக்காக இல்ல," என்றான் பூன்மி. "அந்த வார்த்தை மட்டும் என் வாயில வராது. இன்னொரு கண்ணையும் கிழிச்சுக்கோ."

கம்ரோனுக்கு அந்த வார்த்தை வேண்டும். அது வந்துவிட்டால் தான் அடித்தது நியாயம், இல்லாவிட்டால் என்ன என்பதை அவன் நினைக்க விரும்பவில்லை. மோட்டார் சைக்கிளில் போகும்போது பின்னால் உட்கார்ந்தவன் அவன் தோளைத் தொடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

கால்வாய் ஓரத்துப் பிராணிக் கடையில் கடைக்காரி பிக்குன் இரண்டு ஹாம்ஸ்டர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சரக்குக் கொண்டுவந்தவன் இரண்டையும் ஒரே தொட்டியில் கொட்டிவிட்டுப் போயிருந்தான். ஒன்றையொன்று கட்டிப்பிடித்து உருண்டன. கீச்சென்ற சத்தம் காதைக் கிழித்தது. ஒன்றின் காது தொங்கியது, மரத்தூள் சிவந்திருந்தது. பிக்குன் சோற்றுக் கரண்டியை நடுவில் விட்டுப் பிரித்தாள். அவள் விரலெல்லாம் பழைய கடித் தழும்பு.

"ஒத்தையில இருக்கிற சென்மம் இது. ரெண்டை ஒண்ணா அடைச்சா ஒண்ணுதான் மிஞ்சும். அந்தத் தடிமாட்டுக்குச் சொன்னா ஏறுதா?" என்று நிமிர்ந்தவள் பூன்மியின் முகத்தைப் பார்த்துத் திகைத்தாள். "ஐயையோ, உனக்கு என்னப்பா ஆச்சு?"

"எங்களையும் ஒரே ரூம்ல அடைச்சிருக்காங்க அக்கா," என்றான் பூன்மி.

கம்ரோன் ஒவ்வொரு கூண்டாகப் பார்த்தான். ஒன்று துவாவை விடக் குண்டு. ஒன்றுக்குக் கண் சரியில்லை. ஒன்று அவன் கையைக் கண்டதும் மூலைக்கு ஓடி நடுங்கியது. அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான், எரிச்சல் வந்தது.

"பொறுக்குடா. சிலை மாதிரி நிக்கறே?"

பூன்மி வீங்காத கண்ணால் கடைசிக் கூண்டைப் பார்த்தான். சாம்பல் நிறத்தில் ஒன்று கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட்டான். அது பாய்ந்து அவன் ஆள்காட்டி விரலைக் கவ்வியது. பல் இறங்கியது. பூன்மி உதறவில்லை. விரலில் தொங்கும் அதை அப்படியே மெதுவாகத் தூக்கி, மறு கையால் தாங்கிக்கொண்டான். ரத்தம் மணிக்கட்டுக்கு வழிந்தது. கொஞ்ச நேரத்தில் அது தானாக விட்டுவிட்டு அவன் கையை மோந்து பார்த்தது.

"இதான்," என்றான்.

"மூணு பேர் வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் குடுத்த பிசாசு அது," என்று பிக்குன் சிரித்தாள். "பழசு எப்படிப் போச்சு?"

"இவன் கழுத்தைத் திருகிட்டான்," என்றான் கம்ரோன்.

"கழுத்து தொங்குச்சா?"

"இல்ல. சுருண்டு கிடந்துது. சில்லுன்னு. விறைச்சு."

"ஏசியிலயா வச்சிருந்தீங்க?"

"பதினாறுல," என்றான் பூன்மி. "நான்தான் வச்சேன். தப்புதான்."

பிக்குன் கரண்டியைக் கீழே வைத்தாள். "எவ்வளவு நேரம் கையில வச்சுச் சூடு பண்ணினீங்க?"

"செத்ததை எதுக்குச் சூடு பண்றது?"

"செத்துச்சுன்னு யார் சொன்னா அண்ணே?"

"எண்ணிப் பார்த்தேன்."

"எது வரைக்கும்?"

"பத்து."

பிக்குன் குரலைத் தாழ்த்திப் பேசினாள். "குளிர் அடிச்சா இது அப்படியே உறைஞ்ச மாதிரித் தூங்கிரும் அண்ணே. மூச்சு ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு வந்தா பெருசு. அரை மணி நேரம் கைக்குள்ள பொத்தி வச்சா மீசை ஆடும், அப்புறம் எந்திரிச்சு விதை கேக்கும். பத்து எண்ணினா எப்படித் தெரியும்?"

பூன்மி சிரிக்க ஆரம்பித்தான். சிரிக்கச் சிரிக்கத் தையல் ஒன்று விட்டு ரத்தம் கன்னத்தில் இறங்கியது. அப்புறம் சிரிப்பு நின்றது.

"அண்ணே. டின் மூடியை இறுக்கியா மூடினே?"

கம்ரோன் பேயறைந்தவன் மாதிரி நின்றான். அடுத்த நொடி வெளியே ஓடினான். பூன்மி சாம்பல் ஹாம்ஸ்டரை ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வாங்கிக்கொண்டு ஏறுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. கொஞ்ச தூரம் பின்னால் ஓடித்தான் ஏறினான். வழியில் கம்ரோன் ஒரு தள்ளுவண்டியை இடித்துக் கவிழ்த்தான், திரும்பிப் பார்க்கவில்லை.

வாழையடியில் மண்வெட்டி தேடவில்லை, கையாலேயே தோண்டினான். மிதித்து இறுக்கிய மண், அவனே மிதித்தது. நகம் பெயர்ந்தது. வெயில் குடித்த மண் அடியிலும் கதகதப்பாகவே இருந்தது. அந்தச் சூடுதான் துவாவை எழுப்பியிருக்கும். அது அவனுக்குப் புரிந்தபோது தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ரிங்கில் எத்தனையோ பேரிடமிருந்து அந்தச் சத்தத்தை அவன் வரவழைத்திருக்கிறான்.

மூடியைப் பிய்த்தான். உள்பக்கத்துச் சாயம் முழுக்கக் கீறல். அம்மாவின் துணி முழுசாக இல்லை. நூல் நூலாகக் கிழித்துப் பஞ்சாக்கிக் கூடு கட்டியிருந்தது. அதன் நடுவில் துவா மல்லாந்து கிடந்தது. முன்னங்கால் நகங்களில் ரத்தம். உடம்பு இன்னும் தளர்வாகத்தான் இருந்தது.

இரண்டு கைகளுக்கும் நடுவில் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். வாய்விட்டு எண்ணினான். பத்து தாண்டியது, நூறு தாண்டியது. பயிற்சிக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் விலகினார்கள். பூன்மி எதிரே குந்தியிருந்தான். பெட்டிக்குள் புதியது அட்டையைக் கொறித்துக்கொண்டிருந்தது. ஆயிரத்து எண்ணூறு வந்தது, அரை மணி நேரம். மீசை ஆடவில்லை. கம்ரோன் நிறுத்தாமல் மேலே போனான். இரண்டாயிரத்தில் குரல் உடைந்தது.

"போதும்ணே," என்றான் பூன்மி.

கம்ரோன் துவாவை அந்தக் கூட்டுக்குள்ளேயே திரும்ப வைத்தான். மூடியை மூடவில்லை.

"நான்தான் கொன்னேன்," என்றான்.

பூன்மியிடமிருந்து பிடுங்கப் பார்த்த வார்த்தை. தன் வாயில் அது மண்ணாக உறுத்தியது.

"அடி," என்று எழுந்து நின்றான். கைகளைத் தொங்கப் போட்டான். "நான் அடிச்ச இடத்துலயே அடி."

"என் சனிக்கிழமை திரும்பி வருமா?"

"வராது."

"இது திரும்பி வருமா?"

"வராது. அடிடா."

பூன்மி அட்டைப் பெட்டியை வாழை நிழலில் நகர்த்தி வைத்தான். "இது என்னோடது. உன் கையில குடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்," என்றான். பிறகு இடுப்பைத் திருப்பி முழங்கையை விட்டான். எட்டு வருஷப் பயிற்சியும் இரண்டு நாள் வெறியும் அதில் இருந்தன. கம்ரோனின் இடது புருவம் பிளந்தது. பதினேழு வருஷத்தில் இரண்டே தடவை தரையைப் பார்த்தவன் வேரறுந்த மாதிரி மண்ணில் சாய்ந்தான்.

கண்ணில் ரத்தம் புகுந்து எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. தலைமாட்டில் பூன்மி விரலை விரித்துக்கொண்டு நிற்பது மங்கலாகத் தெரிந்தது.

"ஒண்ணு," என்றான் பூன்மி. "ரெண்டு."

காதுக்குப் பக்கத்தில் பெட்டிக்குள் சுரண்டல் கேட்டது. இப்படித்தான் துவாவும் சுரண்டியிருக்கும், மேலே கேட்க ஆள் இல்லாமல். கம்ரோன் எழ முயலவில்லை. எழுந்து என்ன செய்வது? மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான்.

"எட்டு. ஒம்போது."

பூன்மி அவன் பக்கத்தில் முழங்காலிட்டு, முதுகில் உள்ளங்கையை அழுத்தி வைத்தான். மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தான்.

"பத்து," என்றான். கையை எடுக்கவில்லை.

"பதினொண்ணு. பன்னெண்டு. பதிமூணு."