காலமான மச்சினனின் ஸ்டேஷன்

கைடுக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கண்டாலே ஆகாது. டிக்கெட் வாங்கி அரண்மனைக்குள் வந்து, அரியணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்கள் மூஞ்சியையே படம் எடுக்கும் ஜென்மங்கள் என்பது அவருடைய முடிவு. அந்த முடிவு அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்ததால் அடிக்கடி புகார் வந்தது. கடைசிப் புகாருக்கு டூர் கம்பெனி மேனேஜர் சத்தம்கூடப் போடவில்லை.

"இன்னொண்ணு வந்துச்சுன்னா கழுத்துல இருக்கிற அட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுக் கிளம்பிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

பயணிகளுக்கு அடுத்தபடியாகக் கைடுக்கு ஆகாத ஆள், மனைவியின் தம்பி. கட்டடக்கலை படித்தவன். வரைந்த எத்தனையோ காகிதத்தில் கட்டி முடிந்தது ஒரே ஒரு மெட்ரோ ஸ்டேஷன்தான். பூமிக்கடியில் குடைந்த பாறையைப் பூசி மெழுகாமல் கரடுமுரடாக அப்படியே விட்டு, நீலப் பெயிண்ட் அடித்து, இடுக்குகளில் விளக்கை ஒளித்து வைத்திருந்தான். அவனுக்குக் குகைவாசி என்று பெயர் வைத்தவர் கைடுதான்.

"மாமா, ஒருநாள் உங்க ஆளுங்களை அங்கே கூட்டிட்டுப் போங்களேன்" என்று வரும்போதெல்லாம் கேட்பான்.

"அங்கே என்ன மச்சான் இருக்கு? பூசறதுக்கு சிமெண்ட் பத்தலைன்னு விட்டுட்டே. அதை வேற வந்து பாக்கணுமா?"

அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். அவனும் அசடு வழியச் சிரித்துவைப்பான். பிறகு கேட்பதை விட்டான். கொஞ்ச நாளில் வருவதையும் விட்டான். தொல்லை ஒழிந்தது என்று கைடு நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

ஒருநாள் யாரோ மந்திரி வருகிறார் என்று அரண்மனையைப் பூட்டிவிட்டார்கள். வெயிலில் நின்ற கூட்டம் பணத்தைத் திருப்பிக் கேட்டது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தி போனை எடுத்து மேனேஜரின் நம்பரைத் தேட ஆரம்பித்துவிட்டாள். கைடு அவசரமாகச் சுற்றும்முற்றும் பார்த்தார். எதிரே மெட்ரோ படிக்கட்டு தெரிந்தது. குகைவாசியின் குகை குளுகுளுவென்றாவது இருக்கும் என்று கூட்டத்தை உள்ளே ஓட்டினார்.

கீழே இறங்கியதும் அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். வேலைக்கு ஓடுகிறவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே அவர்களை இடித்துத் தள்ளிப் போனார்கள். இவர்கள் நகரவில்லை, அண்ணாந்தபடி நின்றார்கள். கறுப்புக் கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றினாள்.

"இதை யாருங்க கட்டினது?"

மச்சினன் பெயரைச் சொல்லக் கைடுக்கு நாக்கு எழவில்லை. தவிர, உயிரோடு இருப்பவனைப் பற்றிச் சொன்னால் கூட்டம் கொட்டாவி விடும் என்பது அவர் தொழிலில் கற்ற பாடம்.

"பெரிய மேதைங்க. இப்ப இல்லை. இதைத் திறக்கறதுக்கு முன்னாடியே காலமாயிட்டார்."

அவள் கண் கலங்கிவிட்டது.

புகாருக்குப் பதில் பாராட்டு வந்தது. மேனேஜர் ஸ்டேஷனைத் தினசரிச் சுற்றில் சேர்த்து, 'மறைந்த மேதையின் நீலக் குகை' என்று நோட்டீஸ் அடித்தார். கைடு மேதைக்கு நாளுக்கொரு வியாதி கொடுத்துப் பார்த்து, நெஞ்சுவலி நன்றாக எடுபடுகிறது என்று அதையே வைத்துக்கொண்டார். யாரோ ஒரு தூணடியில் பூ வைத்துவிட்டுப் போக, எல்லோரும் வைக்கத் தொடங்கினார்கள். இருக்கிறவன் கெஞ்சினால் எட்டிப் பார்க்காத உலகம், செத்தவன் என்றதும் பூவோடு வருகிறதே என்று கைடு அவர்களை இன்னும் கேவலமாக நினைத்தார். அந்த உலகத்தில் தன்னைச் சேர்க்க அவருக்குத் தோன்றவில்லை.

சுற்று எப்படிப் போகிறது என்று பார்க்க ஒருநாள் மேனேஜரே கூட வந்தார். கைடு நெஞ்சுவலிவரை சொல்லி முடித்தபோது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அந்தக் கையில் பூவும் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், மச்சினன்.

"அவருக்குக் குடும்பம் இருக்குங்களா?"

மேனேஜர் ஆவலோடு காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

"ஒரு அக்கா."

"அக்கா வீட்டுக்காரர்?"

"இருக்கார்."

"அவர் இதையெல்லாம் வந்து பாத்தாருங்களா?"

கூட்டம் மொத்தமும் கைடின் முகத்தைப் பார்த்தது. அவன் கண்ணைப் பார்க்க முடியாமல் கைடு அண்ணாந்தார். தினமும் கூட்டத்துக்குக் கை நீட்டிக் காட்டுவாரே தவிர, அந்தக் கூரையை அவர் பார்த்ததில்லை. நீலப் பாறைக்கு நடுவில் வட்டமாக ஒரு திறப்பு விட்டிருந்தான். அதில் வானம் தெரிந்தது.

"இல்லீங்க" என்றார். மச்சினனிடம் அவர் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

மச்சினன் தூணடியில் குனிந்து தன் பூவைத் தானே வைத்தான். கூட்டம் வழக்கம்போல் கைடின் கையில் ஆளுக்கு ஏதோ திணித்துவிட்டு நகர்ந்தது. அவனும் வரிசையில் வந்தான். கசங்கிய நோட்டு ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டான்.

"நல்லாச் சொன்னீங்க" என்றான், காலில் ஒட்டிய எதையோ பார்ப்பதுபோல அவரைப் பார்த்து. பிறகு வந்து நின்ற ரயிலில் ஏறிக்கொண்டான்.

கையிலிருந்ததை விட்டெறியக் கைடுக்குக் கை துடித்தது. மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். மூடப்போகிற கதவுக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்து, "ரொம்ப நன்றிங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று.