செரி மரக் கரண்டிக்கு ஒரு பெயர்

1

இந்தக் கதை வேண்டாத ஆர்வத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் பச்சைத் தேயிலைத் தூள் அள்ளும் கரண்டிக்குப் பெயர் வைப்பார்களாம். தேநீர் குடித்த பின் தலைமை விருந்தாளி அதைக் கையில் வாங்கிப் பார்த்து, பெயர் என்னவென்று கேட்க வேண்டுமாம். ஒரு சாண் நீளக் கரண்டிக்கு எதற்கையா பெயர்? அன்றிலிருந்து மண்டைக்குள் ஒரே குடைச்சல்.

2

டோர்ட்மண்ட் நகரின் கூரைகள்மேல் பனி மெல்ல—

வேண்டாம். ஜேர்மனி என்றதும் பனியைக் கொட்டுவது எனக்கே அலுத்துவிட்டது.

பிறேமா செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். மெழுகுப் பல்லைச் சீவும் அதே சின்னக் கத்தியால்தான் இந்தக் கரண்டியையும் செதுக்கினாள். மூங்கிலில் செய்வதுதான் வழக்கம்; இவள் வீம்புக்கு மரத்தில் செய்தாள். அவளும் அக்கா பேர்பெச்சுவாவும் சேர்ந்து வாடகைக்கு எடுத்த தோட்டத்தில் நின்ற செரி மரம் அது. பிறேமா விடுமுறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பாவற்காய்ப் பந்தலில் வெயில் விழவில்லை என்று அக்கா அதை வெட்டிச் சாய்த்துவிட்டாள். அன்று அறுந்த பேச்சு இன்னும் ஒட்டவில்லை.

[அக்காவை இவ்வளவு பொல்லாதவளாக்கலாமா? அந்தப் பாவற்காயில் பாதியைப் பிறேமாவின் வாசலில் வைத்துவிட்டு, மணி அடிக்காமல் போனவளும் அவள்தான்.]

3

பிறேமா பழகும் ஜப்பானியத் தேநீர் வகுப்பில் அவள் முதன்முறையாக விருந்து நடத்தும் நாள். தலைமை விருந்தாளியின் இடத்தை அக்காவுக்கென்று ஒதுக்கி, கோயிலில் இருவரோடும் பழகும் பிறின்சி மூலம் சொல்லி அனுப்பினாள். மனதுக்குள் பெயரும் தயார்: 'கோடாலி'. எல்லோர் முன்னாலும் அக்கா கேட்க வேண்டும், எல்லோர் முன்னாலும் இவள் சொல்ல வேண்டும்.

அக்கா வரவில்லை என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். தங்கச்சி நாலு பேர் முன்னால் தேத்தண்ணி போடுகிறாள் என்றால், பிழை பிடிக்கவாவது வராமல் இருப்பாளா?*

* பிடித்தாள். "சீனி போடேல்லையோ?" என்று வாய்க்குள் முணுமுணுத்தாள்.

4

கரண்டி பேர்பெச்சுவாவின் கைக்கு வந்தது. புரட்டிப் பார்த்தாள். பிசின் ஓடிய கறுப்புக் கோட்டைக் கட்டைவிரலால் தடவினாள்.

"பிறேமா, இது எங்கட மரமெல்லே?"

"ஓம்."

'எங்கட' என்று எழுத நான் நினைத்திருக்கவே இல்லை. அதை அக்காவே சொல்லிவிட்டாள். பிறேமாவுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் இத்தனை நாளாகத் தீட்டி வைத்த பெயர் நாக்கு நுனியில் வந்து தடுமாறுகிறது.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் 'கோடாலி' என்கிறாள்; அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகிறாள். அதை வாசிக்க எனக்கே பொறுக்கவில்லை. மற்றதில் 'பாவற்காய்' என்கிறாள், அக்கா சிரிக்கிறாள். அது நடக்கும் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது.

பேர்பெச்சுவா, ஆசிரியை காட்டிக்கொடுத்தபடி, கரண்டியை இரண்டு கையாலும் ஏந்திக் குனிகிறாள்.

"இதுக்கு என்ன பேர் வைச்சனி?"

பிறேமா வாயைத் திறக்கிறாள். நான் பேனாவை மூடிவிட்டேன். அக்கா காத்திருக்கிறாள், நீங்கள் சொல்லுங்கள்.