பிசிறு

ஷெட்டில் இருந்தவர்கள்: காரின் சொந்தக்காரி, லேத் பட்டறை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன், தன் மருந்துக்கடைத் தராசைத் தூக்கி வந்த புருஷன். நடுவில், எஞ்சின் இல்லாமல் வாயைப் பிளந்து நிற்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். மேஜைமேல் நாலு பிஸ்டன்கள். அந்த மாடலுக்கு இனி எங்கே தேடினாலும் கிடைக்காது. ஒன்று வீணானாலும் கார் கோழி அடைக்கத்தான் ஆகும்.

நாலும் ஒரே எடை இருக்க வேண்டும். இல்லையென்றால் வேகம் எடுத்ததும் எஞ்சின் உதறி உதறியே உடைந்துபோகும். இருப்பதில் லேசானதை அளவாக வைத்து, மற்ற மூன்றையும் உள்பக்கம் அராவி அந்த எடைக்குக் கொண்டுவந்துவிட்டாள். தராசு ஆடுமென்று ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். மூவருக்கும் வேர்வை ஊற்றியது.

அவள் முகம் கழுவிவிட்டு வந்தபோது புருஷன் தராசைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தான்.

"அளவுப் பிஸ்டன் இளைச்சுப் போச்சும்மா."

அண்ணனைப் பார்த்தாள். கையில் அரம்.

"ஓரத்துல ஒரு பிசிறு இருந்துச்சு. சும்மா தட்டிவிட்டேன்."

"பிஸ்டனைத் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"பிஸ்டனை யாரு தொட்டா? பிசிறைத்தானே தொட்டேன்."

"நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் மச்சான்," என்றான் புருஷன்.

இனி மற்ற மூன்றும் இன்னும் இறங்கியாக வேண்டும். இரண்டு சுலபமாக இறங்கின. மூன்றாவதை முன்பே எவனோ சுரண்டித் தீர்த்திருந்தான். உள்சுவர் தகடாக மெலிந்திருந்தது; இனி அராவினால் ஓட்டை விழும். விரலை விட்டுத் தடவினாள். பிஸ்டனைக் கோக்கும் இரும்புப் பின் நுழையும் ஓட்டைக்குக் கீழே மட்டும் கொஞ்சம் தடிப்பு மிச்சமிருந்தது. அங்கே ஒரு இழுப்பு, தராசு. இன்னொரு இழுப்பு, தராசு. அண்ணன் எட்டிப் பார்த்தான். அவன் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்து எண் எகிறியது.

"உன் வேர்வையையும் சேர்த்தே மாட்டிடவா?"

துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். நாலும் ஒரே எண். சுவரும் தப்பியது. அவள் ஃபேனைப் போட்டாள். காற்று சுகமாக இருந்தது. புருஷன் தராசை அணைத்துவிட்டு ஸ்டூலில் சாய்ந்தான்.

அண்ணன் மேஜைமேல் குனிந்தான். "இந்த ரெண்டாவதுல பாரேன், ஓரமா சின்னதா ஒரு..."

அவள் அரத்தைப் பிடுங்கினாள். "போய் டீ குடிண்ணா."

"டீ எங்கே?"

"வீட்டுல. நீதான் போடணும். எங்களுக்கும் சேர்த்து."

முதுகில் கைவைத்து வெளியே தள்ளி, கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினாள்.