பிலோமினாவின் வாயும் சுண்ணாம்புக் கோடும்

எங்கள் மைதானத்தில் ரெஃப்ரியைப் பார்த்து வெளியிலிருந்து யாராவது கத்தினால், எல்லைக் கோடு ஒரு அடி உள்ளே நகரும். காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடுதான், ஆனால் ரோஷம் அதிகம். கோடு நகர்ந்தால் மைதானம் ஒடுங்கும். மைதானம் ஒடுங்கினால் கோல் போஸ்ட்டும் தன்னைக் குறுக்கிக்கொள்ளும். கத்தியவரே எல்லோர் காதிலும் விழும்படி ‘ரெஃப்ரி கொடுத்தது சரிதான்’ என்று சொன்னால் கோடு பழைய இடத்துக்குப் போய்விடும். அப்படிச் சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த மைதானம் ஒடுங்கி ஒடுங்கி ஒரு கயிறு அளவுக்கு வந்துவிட்டது. இப்போது அதில் துணி காயப்போடுகிறார்கள்.

நான் வார நாட்களில் ஸ்கூட்டர் மெக்கானிக், ஞாயிற்றுக்கிழமைகளில் ரெஃப்ரி. வீட்டிலேயே எனக்குப் பெரிய மரியாதை கிடையாது, அதனால் மைதானத்திலும் எதிர்பார்ப்பதில்லை. கத்துகிறவர்களைச் சமாளிக்க ஒரு முறை வைத்திருக்கிறேன். முதல் சத்தத்துக்குக் காது கேட்காதவன்போல் ஓடிக்கொண்டிருப்பேன். அடுத்த சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பேன். அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய் வணக்கம் சொல்வேன். கடைசி வழி, ஆளை வெளியே அனுப்புவது. ஆனால் வெளியே போனவர்கள் காம்பவுண்டுச் சுவர்மேல் ஏறி நின்று கத்துவார்கள். அது கோட்டுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும்.

பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான இறுதிப் போட்டி அன்று. கால்வாய்த் தெரு அணிக்கும் பழைய மார்க்கெட் அணிக்கும் ஆட்டம். கால்வாய்த் தெருவின் கோல்கீப்பர் ஜெனிட்டா. அவளுடைய அம்மா பிலோமினா துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். அவர் விலை சொன்னால் கடலில் இருக்கும் படகுக்கே கேட்கும் என்பார்கள். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க வரதராஜுலு என்பவர் வந்து வேப்பமர நிழலில் நின்றிருந்தார். ஒரே ஒரு கோல்கீப்பர்தான் தேவை, இந்த ஓர் ஆட்டத்தைத்தான் பார்ப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஜெனிட்டா அன்று காலை ஒன்றும் சாப்பிடவில்லையாம்.

கால்வாய்த் தெரு ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. அதன் பிறகு பிலோமினா தொடங்கினார். த்ரோ கொடுத்தால் கத்தினார், கொடுக்காவிட்டாலும் கத்தினார். டாஸ் போட்டது செல்லாது என்றுகூட ஒருமுறை கத்தினார். நான் காது கேட்காமல் ஓடினேன், திரும்பிப் பார்த்தேன், பக்கத்தில் போய் வணக்கம் வைத்தேன். அவரும் பதில் வணக்கம் வைத்துவிட்டு மறுபடி கத்தினார்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் மைதானம் ஒரு சந்து அளவுக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் ரேஷன் கடை வரிசைபோல ஒருவர் பின்னால் ஒருவராக நின்று ஆடினார்கள். பந்தை முன்னால் இருப்பவருக்குத்தான் கொடுக்க முடியும். கோல், கதவு நிலை அளவுக்கு வந்துவிட்டது. ஜெனிட்டா அதில் சும்மா நின்றாலே போதும், வருகிற பந்தெல்லாம் அவள் வயிற்றில் பட்டுத் திரும்பியது.

பிலோமினாவின் கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவருக்குக் கோபம் கொஞ்சமும் இல்லை. மகளுடைய கோலை அடைத்துக்கொண்டிருந்தார்.

வரதராஜுலு கொட்டாவி விட்டார். என்னைக் கூப்பிட்டு, கோல்கீப்பர் என்றால் பாய வேண்டும், நிற்பதைப் பார்க்க நான் பஸ் பிடித்து வர வேண்டியதில்லை என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ரெஃப்ரிக்கு எந்தப் பிள்ளைமேலும் பிரியம் இருக்கக் கூடாது என்பது விதி. எனக்கு இருந்தது.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் மார்க்கெட் அணியின் ஹேமாவதி பந்தோடு வந்தாள். ஜெனிட்டா முன்னால் ஓடிப் போய் அவள் காலை வாரிவிட்டாள். நான் பெனால்டி கொடுத்தேன். பிலோமினா மூச்சை இழுத்துக்கொண்டார். கோடு ஏற்கெனவே போஸ்ட்டை உரசிக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு சத்தம் வந்தால் கோலே இருக்காது, ஆட்டமும் இருக்காது.

ஜெனிட்டா அம்மாவைப் பார்த்தாள்.

“யம்மா, கம்முனு இரும்மா. எனக்குப் பாய எடமே இல்ல.”

பிலோமினா இழுத்த மூச்சை விடாமல் நின்றார். வரதராஜுலுவின் தோளில் இருந்த பையைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். அவள் முகம் சிறுத்துப்போயிருந்தது. என் பக்கம் திரும்பினார்.

“பெனால்டி கரெக்டுதான் சார். எம்பொண்ணுதான் கால வாரிவுட்டா. நீ குடுத்தது எல்லாமே கரெக்டுதான்.”

கோடு புறப்பட்டது. பெற்ற மகளுக்கு எதிராக ஒரு தாய் சொன்ன வார்த்தைக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. பழைய இடத்தைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, டீக்கடையையும் உள்ளே எடுத்துக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் போனது. கோல் போஸ்ட்டும் கூடவே போயிற்று. ஒரு போஸ்ட் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் நின்றது. இன்னொன்று பஸ் டிப்போ வாசலில் நின்றது. டீ மாஸ்டர் மைதானத்துக்குள் இருந்ததால் பூட்ஸ் போடச் சொன்னேன். போட்டுக்கொண்டார்.

விசில் ஊதினேன். ஹேமாவதி டிப்போ பக்கத்து மூலையைப் பார்த்து அடித்தாள். ஜெனிட்டா பாய்ந்தாள்.

நல்ல பாய்ச்சல். உடம்பு முழுக்க நீண்டிருந்தது, விரல்கள் விரிந்திருந்தன. பெனால்டி முடியாமல் ஆட்டம் முடியாது என்பது உலகம் முழுக்க உள்ள விதி. அதனால் நான் பின்னாலேயே நடந்தேன். பிலோமினா தண்ணீர் பாட்டிலோடு கூட வந்தார். வரதராஜுலு பையைக் கழற்றி டீக்கடையில் வைத்துவிட்டு வந்தார். ஜெனிட்டா பாய்ந்த நிலையிலேயே காற்றில் தையல் கடையைத் தாண்டினாள், மாவு மில்லைத் தாண்டினாள். பந்து அவளுக்கு ஒரு சாண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. வழியில் ஒரு பூக்காரர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். பிலோமினா உதட்டில் விரலை வைத்துக் காட்ட, அவர் மூடிக்கொண்டார்.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வரதராஜுலு பிலோமினாவிடம், உங்கள் பெண்ணை எடுத்துக்கொண்டாயிற்று என்றார். இனி பந்தைப் பிடித்தாலும் விட்டாலும் ஒன்றுதான், வெள்ளிக்கிழமை முகாம், இறங்கியதும் நேராக அங்கே அனுப்பிவிடுங்கள் என்றார்.

பிலோமினாவின் கண் நிறைந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தார். மகளுக்குச் சொல்லியாக வேண்டும், அவளோ மாடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தாள். ரெஃப்ரியை எதிர்த்துக் கத்தினால்தான் கோடு நகரும், சந்தோஷத்துக்கு நகராது, தாராளமாகக் கத்துங்கள் என்று நான் சொன்னேன்.

“வேணாம் சார்,” என்றார் பிலோமினா. “கோடு தப்பா எடுத்துக்கும்.”

டிப்போவுக்குப் போகும் டபுள் டெக்கர் பஸ் வந்தது. மூவரும் ஏறினோம். பிலோமினா மாடிக்குப் போய் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். கொஞ்ச தூரத்தில் பஸ் ஜெனிட்டாவுக்கு நேராக வந்தது. பிலோமினா தலையை வெளியே நீட்டி, என் காதில்கூட விழாத குரலில் மகளிடம் சொன்னார். ஜெனிட்டா பந்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினாள்.

சிக்னல் விழுந்தது. பஸ் நின்றது, அவள் எங்களை முந்திப் போனாள்.