பானையில் எழுதிய பேர்

மோல்மீன் ஊர்க் கடைத்தெருவில், சேமியாவில் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா விற்கும் டோ சோ நுவேக்குத் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, அதனால் யாருக்கு என்ன குறைந்துபோயிற்று? கெளுத்தி மீனை வேகவைத்து முள்ளெடுத்து, வாழைத்தண்டு போட்டு அவள் காய்ச்சுகிற குழம்புக்கு விடியுமுன்னே ஆள் வந்து நிற்கும். முப்பது வருஷம் கரண்டி பிடித்தவள் பெருமைப்படாமல் வேறு யார் படுவார்கள்?

இந்த வருஷம் தண்ணீர்த் திருவிழாவில் ஊரே தெருவில் நனைந்துகொண்டிருக்க, அவள் பழுப்பு லுங்கி கட்டிக்கொண்டு தியான மடத்துக்குப் போனாள். பத்து நாள். பேச்சு கிடையாது. உச்சிக்கு மேல் சாப்பாடு கிடையாது. உட்கார்ந்தால் மூச்சுக்கு வயிறு எழுவதையும் அடங்குவதையும் பார்க்க வேண்டும். நினைப்பு வந்தால் 'நினைப்பு, நினைப்பு' என்று மனதுக்குள் குறித்துவிட்டு விட்டுவிட வேண்டும். நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் 'தூக்கு, நகர்த்து, வை'. 'என் நினைப்பு' என்று மட்டும் குறிக்கக் கூடாது. நினைப்பு வரும், போகும். அதற்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை என்பதுதான் அங்கே பாடம்.

ஒன்பதாம் நாள், அனுபவத்தைச் சொல்லும் முறை வந்தது. மடத்துத் தலைவரான சயாடோவின் முன்னால் மூன்று முறை விழுந்து கும்பிட்டாள்.

"போயிடுச்சுங்க சயாடோ."

"எது போச்சு?"

"'நான்'ங்கறதுதான். நேத்து ரெண்டு மணி நேரம் அசையல. பக்கத்துல இருந்தவங்க காலை மாத்தி மாத்தி வெச்சாங்க, நான் கல்லு மாதிரி இருந்தேன். இந்த மடத்துலயே இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் போயிருக்காது."

"பெருமையக் குறிச்சிக்கிட்டீங்களா?"

"எந்தப் பெருமைங்க?"

சயாடோ விசிறியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். "போய் நடங்கம்மா" என்றார்.

கடைசி நாள் காலைச் சாப்பாடு அவளுடைய தானம். முன்னூறு பேருக்கு மொஹிங்கா. மகள் யின் யின் காய்ச்சிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. மடத்துக்கு வருமுன்னே அவளுக்கு உப்பிலிருந்து வறுத்த கடலைமாவு வரை எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, எதிர்க்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே என்றும் சொல்லியிருந்தாள். எதிர்க்கடைக்காரி டோ பு, ஏழு வருஷத்துக்கு முன் நாலு பேர் நடுவில், "சோ நுவே குழம்புல மீனப் பாக்கணும்னா வலைதான் போடணும், எல்லாம் கடலைமாவு" என்று சொன்னவள். அன்றோடு அறுந்த பேச்சு.

தானம் செய்தவர் பேரை மைக்கில் வாசிப்பார்கள். முன்னூறு பேரும் கைகூப்பி, 'நன்று' என்ற பொருளில் 'சாது' என்று மும்முறை வாழ்த்துவார்கள். ஒன்பது நாளாக அவளுக்கு வந்த நினைப்பில் பாதி அந்த மைக்தான். பிழையில்லாமல் ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் காலை. துறவிகள் சாப்பிட்டு எழுந்ததும் மற்றவர்களுக்குப் பரிமாறினார்கள். கூடத்தின் கடைசி வரிசையில் இருந்த சோ நுவே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். மடத்துக் காரியங்களைப் பார்க்கும் ஊ தவுன் மைக்கைத் தட்டினார்.

"இன்னைக்குக் காலைச் சாப்பாடு தானம், மோல்மீன் கடைத்தெரு டோ பு அவர்கள்! எல்லாரும் சாப்பிட்டு முடிங்க, சேந்து சாது சொல்லுவோம்."

சோ நுவே எட்டிப் பார்த்தாள். மைக்குப் பக்கத்தில் மூன்று பெரிய பானைகள். இரவல் போனது திரும்பி வரட்டும் என்று எல்லாரும் செய்வதுபோல, நடுப்பானையின் வயிற்றில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது: டோ பு, கடைத்தெரு, மோல்மீன். பானை போதாமல் யின் யின் எதிர்க்கடையில் போய் இரவல் வாங்கி வந்திருக்கிறாள். ஊ தவுன் கண்ணில் பட்டதைப் படித்துவிட்டார்.

எழுந்தாள். ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கத்தான் எழுந்தாள். ஆனால் பத்து நாள் பழக்கம் காலில் ஏறி உட்கார்ந்திருந்தது. தூக்கு. நகர்த்து. வை. சண்டைக்குப் போகிறவள் மணப்பெண் நடை நடந்தாள்.

தூக்கு. கோபம், கோபம். நகர்த்து. திருடி, திருடி. இது குறிப்பில்லை, வசவு என்று உடனே தெரிந்தது. வசவு, வசவு என்று திருத்திக்கொண்டாள். வை.

மூன்றாவது தூணருகே ஒரு கிழவர் மூக்கு வியர்க்கக் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்துவிட்டு, "அடியக் கிண்டி இன்னொரு கரண்டி ஊத்தும்மா" என்று கெஞ்சினார். காய்ச்சியது யார் என்று அவர் கேட்கவில்லை. அந்த ருசிக்குப் பேரே வேண்டியிருக்கவில்லை. சோ நுவே நின்று பார்த்தாள். பிறகு கோபத்தைத் தேடினாள். இரண்டாவது தூண்வரை கூட வந்தது, இப்போது காணவில்லை. உண்மையிலேயே காணவில்லை, பயமாகவும் சிரிப்பாகவும் இருந்தது.

அதற்குள் பானைக்குப் பின்னாலிருந்து, முழங்கைவரை குழம்போடு, டோ பு எழுந்து மைக்கைப் பிடித்துவிட்டாள். பரிமாற ஆள் பற்றாதென்று அவளாகவே வந்தவள்.

"ஐயா, பேரு மாறிப்போச்சு! பானைதான் என்னோடது, குழம்பு அதோ வர்றாளே, அவளோடது. இந்தப் புண்ணியம் எனக்கு வேணாம் சாமி, ஏழு ஜென்மத்துக்கு வந்து தொரத்துவா!"

கூடம் சிரித்தது. யின் யின் கரண்டியால் முகத்தை மறைத்தாள். சோ நுவே மிச்ச அடிகளையும் ஒன்று விடாமல் நடந்து வந்து மைக்குக்குக் கைநீட்டினாள். எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"பானை இல்லாம குழம்பு என் தலையிலயா வரும்? ஊ தவுன் பேர சரியாத்தான் படிச்சாரு. ஆனா வாய்க்குள்ளயே படிச்சாரு." பானையைப் பார்த்து, சந்தையில் கூவும் குரலில் அவளே படித்தாள். "மோல்மீன் கடைத்தெரு, டோ பு!"

கைகூப்பினாள். முதல் 'சாது' அவளுடையது. முன்னூறு தொண்டைகள் சேர்ந்துகொண்டன. மூன்றாவது முறை கூரையே அதிர்ந்தது. சோ நுவேயின் நெஞ்சு நிறைந்து பொங்கியது. பெருமை, பெருமை என்று குறித்தாள். முப்பது வருஷத்தில் இவ்வளவு பெரிய பெருமை அவளுக்கு வந்ததில்லை. இது யாருடையது என்று அவள் பார்க்கவும் இல்லை.

டோ பு நெருங்கி வந்து காதோரம் சொன்னாள்: "கடலைமாவு இன்னமும் தூக்கல்தான்."

கேட்கிறது, கேட்கிறது என்று சோ நுவே குறித்துக்கொண்டாள். பிறகு ஒரு கிண்ணம் நிறைய ஊற்றி அவள் கையில் வைத்தாள்.

"அடுத்த வருஷம் நீ வந்து மாவு போடுடி."