அஞ்சு மணி நேரம்

காரின் சார்ஜ் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றிக்கொண்டே ஆறுமுகநயினார் வீட்டுக்குள் பார்த்து, “கிளம்பு” என்றார். காலை ஒன்பது மணி இருக்கும். அடுக்களையில் தோசைக்கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி செல்லக்கிளிக்கு அது காதில் விழுந்தது. தன்னிடம்தான் சொல்கிறார் என்பதை நம்பத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரு மாதமாக அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் நடுவே பேச்சு என்று ஒன்று கிடையாது. தட்டு வைக்கிற சத்தம், மோட்டார் போடுகிற சத்தம், கதவைச் சாத்துகிற சத்தம், அவ்வளவுதான். கம்பை ஊன்றி நிலைப்படி வரைக்கும் வந்து நின்றாள்.

“எங்க?”

“மணப்பாட்டுக்கு. இன்னைக்கு முப்பதாம் நாள் பூசைன்னு போன்ல பேசிக்கிட்டிருந்தியே.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். ஊற்றின தோசை கல்லிலேயே பாதி வெந்தும் வேகாமலும் கிடந்தது.

அந்தக் கார் தூத்துக்குடி டாக்டர் ஒருவர் ஏழெட்டு வருஷம் ஓட்டிவிட்டுக் கொடுத்தது. இரண்டு கதவு, நான்கு பேர் மடங்கி உட்காரலாம். புதிதாக இருந்தபோது ஒரு சார்ஜுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போனதாம். ஆறுமுகநயினார் கைக்கு வந்தபோது பேட்டரி தளர்ந்துபோய், நல்ல நாளில் அறுபத்தைந்து. இப்போது ஊருக்கு ஊர் வந்திருக்கிற பெரிய சார்ஜ் நிலையங்களில் இதன் பிளக் சேராது. வீட்டுச் சுவரில் ஏ.சி.க்குப் போடுகிற மாதிரி பெரிய பாயின்ட் வேண்டும், அதில் அஞ்சு மணி நேரம் கிடக்க வேண்டும். செல்லக்கிளி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, பஸ் படி ஏற முடியாமல் ஆனபிறகு, அவளை ஸ்ரீவைகுண்டத்துக்கு உடற்பயிற்சிச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக வாங்கினது. ஊரிலிருந்து போக எட்டு, வர எட்டு. அதற்கு இது தாராளம்.

வாங்கின வாரமே அவள் கேட்டாள், மணப்பாட்டுக்கு ஒரு நடை போய்வரலாமா என்று. மகள் சந்தனச்செல்வி அங்கேதான் இருக்கிறாள். தூத்துக்குடியில் நர்சாக இருந்தபோது மணப்பாட்டுக் கடல்காரப் பையன் கிளிட்டஸோடு பழகி, மாதா கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டவள். விழுவதற்கு முன்னால் செல்லக்கிளி மாதம் ஒருமுறை பஸ்ஸேறிப் போய்ப் பார்த்து வருவாள். அவர் தடுத்ததில்லை. கூடப் போனதும் இல்லை.

“போக அம்பது, வர அம்பது. வண்டி அறுபத்தஞ்சுதான் ஓடும்” என்றார் அப்போது.

“அவ வீட்டுல கரண்டு இல்லியா?”

“அதுக்கு? அங்க போயி அஞ்சு மணி நேரம் உக்காந்திருக்கச் சொல்லுதியா?”

அதற்குப் பிறகும் அவள் இரண்டு வருஷம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பொங்கலுக்குக் கேட்டாள், பேத்தி பிறந்தநாளுக்குக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் வண்டியின் மேல் பழியைப் போட்டார். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டினவர். எத்தனை டன்னுக்கு எவ்வளவு தூரம் என்று கணக்காகப் பேசினால் எதிர்த்துப் பேச ஆளிருக்காது என்று தெரியும். உள்ளே இருந்தது வேறு. கல்யாணச் சேதி வந்த அன்று சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் வைத்து, “எனக்கு மக கெடையாது” என்று சொல்லிவிட்டார். சொல்லி முடிக்கும்போதே அது அதிகம் என்று தோன்றியது. ஆனால் அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல். ஆறு வருஷமாக அதற்குக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

கிளிட்டஸை அவர் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார். செல்லக்கிளிக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், கையில் பிளாஸ்க்கோடு ஒல்லியாக ஒருத்தன் நின்றான். இவரைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டு, “மாமா” என்றான். தூணைத் தாண்டிப் போவதுபோல அவனைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தபோது பிளாஸ்க் மட்டும் பெஞ்சில் இருந்தது. காப்பி சூடாக இருந்தது. குடித்தார்.

போன மாதம் ஒரு மத்தியானம் சேதி வந்தது. கடலில் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே கிளிட்டஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறான். கரைக்குக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. முப்பத்தாறு வயது. மறுநாள் நாலு மணிக்கு அடக்கம். “வேன் சொல்லுங்க” என்றாள் செல்லக்கிளி. அவர் சரி என்று வெளியே போனார். தெருமுனை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். வேன்கார சத்தியராஜின் நம்பர் போனில் இருந்தது; போனும் கையில் இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்து வந்து, “வண்டி ஒண்ணும் கெடைக்கல” என்றார். மறுநாள் நாலு மணிக்கு மணப்பாட்டில் யாரோ போனைப் போட்டுப் பிடித்துக்கொண்டிருக்க, செல்லக்கிளி அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோயில் மணி, காற்றின் இரைச்சல், கூட்டமாகப் பாடுகிற சத்தம். புறவாசலில் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அவருக்கு எல்லாம் கேட்டது. தண்ணீர் பாத்தி உடைந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்றிலிருந்து அவள் பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்று சொன்னாள். சோற்றைப் போட்டுவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள். “இனி அவன் அங்க இல்ல. இப்பமாவது போவலாம்லா நீங்க.”

நான்கு நாளாக அந்தச் சொல்லோடுதான் படுத்தார், எழுந்தார்.

தென்திருப்பேரை தாண்டும்போது சார்ஜ் எண்பது காட்டியது. ஏ.சி. போடவில்லை. செல்லக்கிளி இடுப்புக்கு இரண்டு தலையணை வைத்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். முப்பத்தைந்துக்கு மேல் அவர் ஓட்டவில்லை. திருச்செந்தூர் பஸ்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே தாண்டிப் போயின. குரும்பூரில் அறுபது. திருச்செந்தூர் ஊருக்குள் நுழையும்போது நாற்பதுக்குக் கீழே வந்துவிட்டது. ஆடி மாதத்துக் கூட்டம். காவடிக்காரர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு ஊர்ந்தார்.

“எறங்கி ஒரு டீ குடிக்கியா?”

“வேண்டாம். நிப்பாட்டுனா திரும்பிருவிய.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அவர் நிறுத்தவில்லை.

குலசேகரப்பட்டினத்து ரோட்டில் காற்று எதிரே நின்றது. பனங்காட்டுக்குள்ளிருந்து செம்மணல் எழும்பி ரோட்டின் குறுக்கே ஓடியது. கண்ணாடியில் மணல் விழும் சத்தம் அரிசி புடைப்பதுபோலக் கேட்டுக்கொண்டே இருந்தது. கிலோமீட்டர் ஒன்று போனால் சார்ஜ் இரண்டு போயிற்று. இருபதுக்குக் கீழே வந்ததும் மஞ்சள் விளக்கு எரிந்தது, பத்தில் சிவப்பு. கிரேன் கூண்டில் உட்கார்ந்து, காற்றில் ஆடுகிற சுமையைக் கப்பலுக்குள் இறக்குகிற கை அவருடையது. அந்தக் கை இப்போது ஸ்டியரிங்கில் வேர்த்தது. வண்டி நின்றுபோனால் யாராவது கயிறு கட்டி இழுத்துப்போவார்கள். மகள் வீட்டு வாசலில் அப்படிப் போய் இறங்கினாலும் சரிதான் என்று முதன்முறையாகத் தோன்றியது. வண்டி நிற்கவில்லை. மணல்மேட்டுக் கோயில் கண்ணுக்குத் தெரிந்து, ஊருக்குள் திரும்பி, செல்லக்கிளி கைகாட்டிய தெருவில் போய் நின்றபோது மூன்று இருந்தது.

சந்தனச்செல்வி சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தாள். வெளிறின சேலை, கழுத்தில் ஒன்றுமில்லை. இறங்கத் தடுமாறின அம்மாவைக் காருக்குள் குனிந்தே கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே கிடந்து அழுதார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து தாங்கி உள்ளே கூட்டிப்போனார்கள். ஆறுமுகநயினார் சுற்றின வயரைத் தோளில் போட்டுக்கொண்டு காரின் பின்னால் நின்றார். மகள் திரும்பி வந்து அவர் எதிரே நின்றாள். இளைத்திருந்தாள். நெற்றியோரத்தில் இரண்டு மூன்று முடி நரைத்திருந்தது.

“சார்ஜ் போடணும்” என்றார்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு மகளிடம் அவர் பேசின முதல் பேச்சு அதுதான்.

“அங்கன இருக்கு” என்று வெளிச்சுவரைக் காட்டினாள்.

வாசலுக்கு வலதுபக்கம், கார் நின்றால் வயர் எட்டுகிற உயரத்தில், சின்ன மூடி போட்ட பெட்டி ஒன்று சுவரில் இருந்தது. மேலே மழைத்தண்ணீர் படாமல் தகரம் வளைத்து அடித்திருந்தது. திறந்தார். உள்ளே பெரிய பாயின்ட், அதற்கென்று தனி பிரேக்கர், பச்சை எர்த் வயர் சுவரோடு இறங்கி மண்ணுக்குள் போயிருந்தது. நல்ல வேலை. கடலோரத்தில் எந்தத் திருகைத் தொட்டாலும் உப்புப் பூத்திருக்கும். இதில் ஒரு புள்ளி துரு இல்லை. ஸ்விட்சின் மேல் ஒட்டிவருகிற பிளாஸ்டிக் தாள்கூட உரிக்காமல் இருந்தது.

“யாரு போட்டா?”

“அவுகதான். அஞ்சு மணி நேரம் ஆவும், அதான் அப்பா வரமாட்டுக்காவன்னு அம்மா சொன்னாள்லா. மறுவாரமே திருச்செந்தூர்ல போயி சாமான் வாங்கியாந்து போட்டாவ. ரெண்டு வருசமாச்சு.” வளைத்த தகரத்தில் கை வைத்தாள். “கடலுக்குப் போவாத நாளெல்லாம் தொறந்து எண்ணெ தொட்டுத் தொடச்சு வைப்பாவ.”

அவர் பிளாஸ்டிக் தாளை நகத்தால் உரித்தார். நகம் இரண்டு தடவை நழுவியது. பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போட்டதும் காருக்குள்ளிருந்து மெல்லிய இரைச்சல் கிளம்பியது.

“உள்ள வாங்க சம்மந்தி. வெயில்ல வந்திருக்கிய” என்று கிளிட்டஸின் அம்மா சொம்பில் தண்ணீரோடு வந்தாள். சம்மந்தி என்று முறை சொல்லி அதுவரை யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். கூடத்தில் படம் வைத்து மெழுகுவர்த்தி எரிந்தது. அந்த முகத்தை அன்றுதான் அவர் நின்று பார்த்தார். சிரிக்கும்போது ஒரு கண் கொஞ்சம் சுருங்குகிற முகம். ஐந்து வயதுப் பேத்தி ஜெபிஷா கதவோரத்தில் நின்று, “நீங்கதான் கார் தாத்தாவா?” என்று கேட்டாள். யார் சொல்லிக் கொடுத்த பேர் என்று அவர் கேட்கவில்லை. ஆமாம் என்று தலையசைத்தார்.

மத்தியானம் சோறு போட்டார்கள். செல்லக்கிளி உள்ளே கட்டிலில் பேத்தியை அணைத்தபடி படுத்திருந்தாள். சந்தனச்செல்வி எதிரே உட்கார்ந்து ரசம் ஊற்றினாள். இரண்டு கவளத்துக்குப் பிறகு அவர், “அன்னைக்கு…” என்று ஆரம்பித்தார்.

“அன்னைக்கு வாசல்ல நின்ன பைக்கெல்லாம் எடுக்கச் சொல்லிட்டோம்ப்பா” என்றாள் அவள், ரசப் பாத்திரத்தைப் பார்த்தபடி. “உங்க கார் நிக்கணும்லா. நாலு மணி வரைக்கும் அந்த எடத்துல ஒருத்தரும் நிக்கல. சனம் பூரா தெருவுல வெயில்ல நின்னாவ.”

அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அவள் அழவில்லை. எழுந்து போய் மோர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவள் வைத்ததால் குடித்தார். மன்னிப்பு என்று ஒன்றைக் கேட்க வேண்டியது அவளிடம் மட்டும் இல்லை என்பதும், கிளிட்டஸிடம் கேட்க இனி வழி கிடையாது என்பதும் அப்போது உறைத்தது.

மூன்று மணிக்குக் காரைப் போய்ப் பார்த்தார். அறுபத்தொன்பது. பூசைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மகளிடம் கல்லறைக்கு வழி கேட்டார். “கோயிலுக்குப் பின்னால. வேலியோரத்துல ரெண்டாவது” என்றாள். கூட வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் ஆள் கிடையாது. கடல் கீழே வெளுத்துக் கிடந்தது. செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். மணல் சுட்டது. வேலியோரத்தில் இரண்டாவது மேட்டில் மரச்சிலுவை, கறுப்பு மையில் பேர், காய்ந்த மாலை. அவர்கள் வழக்கத்தில் இங்கே என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியாது. தன் வழக்கத்தில் மருமகனுக்குச் செய்ய என்ன இருக்கிறது என்றும் யோசித்துப் பார்த்தார். கை கூப்பினார், இறக்கினார். “வந்துட்டேன்” என்றார். காற்றில் அது அவர் காதுக்கே கேட்கவில்லை.

தலைமாட்டில், காற்று வருகிற பக்கம், மேடு அரித்துப்போயிருந்தது. மணல் மெல்லிய கோடாகக் கிளம்பி, சிலுவையைச் சுற்றிக்கொண்டு கடல்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறுமுகநயினார் வேட்டியை இடுக்கிக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்தார். சிதறின மணலை இரண்டு கையாலும் கூட்டி அள்ளி அந்தப் பள்ளத்தில் போட்டு, உள்ளங்கையால் அழுத்தினார். கையை எடுத்ததும் மேல்மணல் மறுபடியும் கிளம்பியது. மறுபடியும் அள்ளினார்.