நாகஜோதி பார்த்த பாத்ரூம்கள்

பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுகிறவர்கள் ரிசல்ட்டைக் கேட்பார்கள், வேன் எந்தத் தெரு வரைக்கும் வரும் என்று கேட்பார்கள், வகுப்பில் ஏசி உண்டா என்று கேட்பார்கள். நாகஜோதி பாத்ரூமைக் கேட்டாள். ஆபீசுக்குப் பக்கத்தில் பெற்றோருக்கென்று வாசனை அடித்து வைத்திருக்கிறார்களே, அது இல்லை. பிள்ளைகள் போகிற பாத்ரூம்.

பழங்காநத்தத்தைச் சுற்றி அவள் ஏறி இறங்காத பள்ளிக்கூடம் இல்லை என்று அவள் புருஷன் செல்வக்குமார் கடையில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பிரேக் வயர் வாங்க வந்தவனெல்லாம் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போனான். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. உட்கார்ந்து சண்டை போடத்தான் நேரமில்லை. ஜூன் பிறந்து பள்ளிக்கூடங்கள் திறந்தாயிற்று. தெருப்பிள்ளைகள் எல்லாம் புது யூனிஃபார்மில் வேன் ஏறிக்கொண்டிருக்க, ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டிய அஸ்வினி மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்க்கப் பார்க்க நாகஜோதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்கூட்டியின் முன்னால் மகளை நிறுத்திக்கொண்டு மறுபடியும் கிளம்பிவிடுவாள்.

காரணம் இல்லாமல் இல்லை. யுகேஜி முடிப்பதற்குள் அஸ்வினி இரண்டு தரம் காய்ச்சலில் விழுந்துவிட்டாள். இரண்டு தரமும் யூரினில் இன்ஃபெக்‌ஷன். பிள்ளை காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கொண்டே இருக்கிறது, ஸ்கூலில் என்ன என்று பாருங்கள் என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார். கொடுத்துவிடுகிற தண்ணீர் பாட்டில் கொடுத்தபடியே திரும்பி வந்தது. ஏன்டி குடிக்கவில்லை என்றால் தாகமே எடுக்கவில்லை என்பாள். ஏன் போகவில்லை என்றால் வரவில்லை என்பாள். அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒன்றும் வாங்க முடியாது.

வாங்க வேண்டிய அவசியமும் நாகஜோதிக்கு இருக்கவில்லை. டி. கல்லுப்பட்டிப் பக்கத்து கிராமத்தில் அவள் படித்த காலத்தில், பொம்பளைப் பிள்ளைகளுக்கென்று இருந்த கழிவறைக்குக் கதவு கிடையாது. மத்தியானச் சோற்றுக்கு ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வளர்ந்தவள் அவள். அந்த அடிவயிற்று வலி எப்படி இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டாம். மகளுக்கும் அதே கதைதான் என்று முடிவு கட்டிக்கொண்டு பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே டைல்ஸ் பதித்து, வாளியும் கோப்பையுமாகச் சுத்தமாகத்தான் இருந்தது. நாம் வருகிறோம் என்று தெரிந்து கழுவி விட்டிருப்பார்கள் என்று நினைத்து அதையும் நம்பாமல் டிசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பார்த்தவற்றில் ஒரு இடத்தில் குழாயில் தண்ணீர் வரவில்லை. இன்னொரு இடத்தில் தாழ்ப்பாள் அவள் தோள் உயரத்தில் இருந்தது. ஆறு வயசுப் பிள்ளை ஏணி போட்டா ஏறும்? பைபாஸ் ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் நீச்சல் குளத்தைக் காட்டினார்கள், கம்ப்யூட்டர்களைக் காட்டினார்கள், கடைசியில் வேண்டாவெறுப்பாகப் பாத்ரூமையும் காட்டினார்கள். மனசாட்சிக்கு விரோதமாகக்கூட அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கிருந்த மிஸ் குனிந்து பெயர் கேட்டபோது அஸ்வினி அம்மாவின் சுடிதாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்விட்டாள். சொல்லுடி, இங்கிலீஷில் சொல்லு என்று நாகஜோதி அவள் தோளில் இடித்தாள். பிள்ளை தரையைப் பார்த்தது.

அந்தப் பள்ளிக்கூடத்து நிர்வாகத்தில் செல்வக்குமாரின் கூட்டாளி அசோக்குமாருக்குப் பழக்கம் உண்டு. அவன்தான் ஒரு சீட்டைச் சொல்லி நிறுத்தி வைத்திருந்தான். இன்று சாயங்காலத்துக்குள் சரி என்று சொல்லாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

“ஊர்ல அம்புட்டுப் பேரும் அந்த ஸ்கூலுக்கு நாயா அலையிறான். ஒனக்கு மட்டும் என்ன? பாத்ரூம் கழுவவா பிள்ளைய அனுப்புறோம்?” என்றான் செல்வக்குமார், காலையில்.

எல்லாம் சரியாக இருந்தும் ஏன் மனசு ஒப்பவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை. இன்னும் ஒன்றே ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வண்டியை எடுத்துவிட்டாள்.

அது ஜெய்ஹிந்த்புரம் போகிற வழியில், உள்தெருவில் இருந்த சின்னப் பள்ளிக்கூடம். பேருக்கு ஒரு கேட், அதற்குள் ஒரு வேப்பமரம், இரண்டு மாடி. தலைமை ஆசிரியை சரண்யாதேவி அவள் கேட்டதற்கு முகம் சுளிக்காமல் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பழைய சிமெண்ட் தரை, கதவில் பெயிண்ட் உரிந்திருந்தது. தண்ணீர் வந்தது. தாழ்ப்பாளும் சின்னப் பிள்ளைக்கு எட்டுகிற உயரம்தான். நாகஜோதி அதைப் போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வகுப்பிலிருந்து ஒரு சிறுமி ஓடி வந்தாள். “மிஸ், ஒண்ணுக்கு வருது” என்று சரண்யாதேவியிடம் ஓடுகிற ஓட்டத்திலேயே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அஸ்வினி அந்தக் கதவையே பார்த்தாள். பிறகு அம்மாவின் கையை இழுத்துக் குனிய வைத்தாள்.

“அம்மா, இங்க தமிழ்ல சொன்னாலும் விடுவாங்களா?”

நாகஜோதிக்குப் புரியவில்லை. பழைய ஸ்கூலில் மட்டும் என்ன, விடமாட்டார்களா என்று கேட்டாள்.

“அங்க இங்கிலீஷ்லதான் கேக்கணும். மே ஐ கோ... அது எனக்கு முழுசா வராதும்மா. நீதான சொன்ன, தமிழ்ல வாயத் தொறக்கக் கூடாது, தப்பாப் பேசுனா எல்லாரும் சிரிப்பாங்கன்னு.”

சொன்னாள்தான். தினமும் வேனில் ஏற்றிவிடும்போது சொன்னாள். தன்னைப் போல மகள் இங்கிலீஷ் தெரியாமல் கூசி நிற்கக் கூடாது என்ற ஆசையில், நல்லது செய்கிற நினைப்பில்தான் சொன்னாள். பிள்ளை அம்மா பேச்சைத் தட்டவில்லை. வயிறு முட்ட முட்ட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. ஊரில் உள்ள கதவையும் தாழ்ப்பாளையும் எல்லாம் தான் குற்றம் சொல்லித் திரிந்ததை நினைத்தபோது நாகஜோதியால் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“இப்ப வருதும்மா” என்றாள் அஸ்வினி.

பிள்ளைக்கு அவசரம் என்று டீச்சரிடம் சொல்ல நாகஜோதி வாயைத் திறந்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள். அஸ்வினி கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். பிறகு தானாகவே இரண்டடி முன்னால் போய், மிஸ், ஒண்ணுக்கு வருது என்று சொன்னாள். போயிட்டு வாடா என்றார் சரண்யாதேவி.

கதவு சாத்திய நேரத்தில் போன் அடித்தது. செல்வக்குமார்தான். அசோக்குமார் கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறான், என்ன சொல்ல என்று கேட்டான். கேலியை அவன் விடவில்லை. “அங்க பாத்ரூம் எப்பிடி?”

“நல்லாருக்குங்க. பழைய ஸ்கூல்லயும் நல்லாத்தாங்க இருந்துச்சு.”

“அப்பறம் என்னதான் ஒனக்கு?”

மகள் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். “பிள்ளை வாயை நான்தாங்க கட்டிப்போட்டிருக்கேன்.”

சிரிக்கப் போகிறான் என்று காத்திருந்தாள்.

“நானுந்தான் பிள்ளைகிட்ட அப்பிடிச் சொன்னேன், ஜோதி” என்றான்.